மேல் புதுசு, உள்ளே பழசு: ஜீப்புக்கு ரீபட்டன் டயர் வாங்கலாமா?

மலைப்பாதையில் ஓடும் டயர் பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை, விலாவில் கிழிந்து சாகிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கல்பாதையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அங்கே ஜீப்பின் வேகம் இருபதைத் தாண்டுவதே அபூர்வம். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கூர்க்கல் டயரின் பக்கவாட்டை உரசிக்கொண்டே இருக்கும். டயர் தரையைத் தொடும் பகுதியை நெஞ்சு என்று வைத்துக்கொண்டால், ரீட்ரெடிங், அதாவது ரீபட்டன், புதுப்பிப்பது அந்த நெஞ்சை மட்டும்தான். விலா பழையது, உள்ளே இருக்கும் நூலும் கம்பியும் பழையவை.

நம் ஊரில் ரீபட்டன் என்கிறோம், பட்டறைப் பலகையில் ரீட்ரெடிங் என்று எழுதியிருக்கும். தேய்ந்த ரப்பரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே டயரின் உடம்பின் மேல் புது ரப்பரை வேகவைத்து ஒட்டுவதுதான் வேலை. அந்த உடம்புக்குத் தொழிலில் கேசிங் என்று பெயர். ஆகவே ரீட்ரெட் டயர் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது ஒரு பழைய கேசிங். அதன் பூர்வீகம் தெரிந்தால் நல்ல பேரம் பேசலாம். தெரியாவிட்டால் சீட்டாட்டம்தான்.

தொழில்நுட்பத்தின் மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை. விமானங்களின் டயர்களையே பலமுறை ரீட்ரெட் செய்துதான் ஓட்டுகிறார்கள். தமிழ்நாட்டின் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இதற்கெனத் தங்கள் சொந்தக் கூடங்களையே வைத்திருக்கின்றன. நெடுஞ்சாலை ஓரத்தில் பாம்புச் சட்டைபோல் கிடக்கும் ரப்பர் பட்டைகளைப் பார்த்து 'எல்லாம் ரீபட்டன் டயர்' என்று சொல்வது வழக்கம். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே கிடந்த லாரி டயர்த் துண்டுகளைப் பொறுக்கி ஆராய்ந்து 2008-ல் அறிக்கை கொடுத்தார்கள். குப்பையில் ரீட்ரெட்டின் பங்கு, ஓடும் வண்டிகளில் அதற்குள்ள பங்கைவிட அதிகமாக இல்லை என்று தெரிந்தது. சாலையில் கிடந்த பொருள் குத்தியது, காற்று குறைவாக ஓட்டியது, சூடேறியது ஆகியவை புது டயரையும் அதே மாதிரி கொன்றிருந்தன.

ஆனால் பஸ் டிப்போவுக்கும் ஜீப்காரருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஒரு டயர் எப்போது வந்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எங்கே பஞ்சர் ஆனது என்பதெல்லாம் டிப்போவின் பதிவேட்டில் இருக்கும். கடையில் அடுக்கி வைத்திருக்கும் 215/75 ஆர்15 அளவு ரீட்ரெட்டுக்கு அப்படி எந்தப் பதிவேடும் கிடையாது.

சூடும் குளிரும்

பட்டறைகளில் இரண்டு முறைகள் உண்டு. பழைய முறை ஹாட். வேகாத ரப்பர்ப் பட்டையை, தொழிலில் கேமல்பேக் என்பார்கள், சுரண்டிய டயரின் மேல் சுற்றி, பட்டன் (நெஞ்சில் உள்ள மேடு பள்ளம்) வடிவம் செதுக்கிய இரும்பு அச்சுக்குள் வைத்து 150 டிகிரி செல்சியஸ் அளவில் வேகவைப்பார்கள். டயரின் பருமனைப் பொறுத்து ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆகும். பட்டன் அச்சில்தான் விழுகிறது.

மற்றது கோல்டு. பெயர்தான் குளிர், இதிலும் சூடு உண்டு. பட்டன் வடிவத்தோடு ஏற்கெனவே வெந்து வந்த பட்டையை, குஷன் கம் எனும் மெல்லிய வேகாத ரப்பரை இடையில் வைத்து ஒட்டுவார்கள். மேலே என்வலப் எனும் ரப்பர் உறை போட்டு, காற்றை உறிஞ்சி, சேம்பருக்குள் 100 டிகிரி அளவில் மூன்று நான்கு மணி நேரம் அழுத்தத்தோடு வைப்பார்கள். இங்கே வேகவேண்டியது குஷன் கம் மட்டும்தான், அதனால் கேசிங்குக்குச் சூட்டுத் தொல்லை குறைவு. இந்த முறையை உலகமெங்கும் கொண்டுபோன பேண்டேக் நிறுவனத்தை ராய் கார்வர் 1957-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் தொடங்கினார். மூல உரிமை ஜெர்மானியரான பெர்ன்ஹார்ட் நோவாக்குடையது. பேண்டேக் என்பதே அவர் பெயரையும் டார்ம்ஸ்டாட் ஊரையும் சுருக்கிச் செய்த சொல். நம் பக்கம் கோவையின் எல்ஜி ரப்பர், எம்.ஆர்.எஃப்., கோட்டயத்தின் மிடாஸ் போன்ற நிறுவனங்கள் இதற்கான பட்டைகளைத் தயாரிக்கின்றன.

லாரிக்குக் கோல்டு சிறந்தது என்பதில் பெரிய தகராறு இல்லை. ஜீப்புக்கு அப்படிக் கண்ணை மூடிச் சொல்ல முடியாது. கோல்டு முறையில் ஒட்டிய பட்டை, நெஞ்சும் விலாவும் சேரும் தோளில் முடிகிறது. ஒட்டுக்கோடு இருப்பது சரியாகக் கல் உரசும் இடத்தில். சாலையில் ஓடும் லாரிக்கு அந்த விளிம்பை யாரும் தொடப்போவதில்லை. பாறையில் ஏறும் ஜீப்புக்கோ ஒவ்வொரு கல்லும் அந்த உதட்டைப் பிடித்து உரிக்கப் பார்க்கும். ஒருமுறை ஒரு விரலளவு தூக்கிவிட்டால் சேறும் நீரும் உள்ளே போகும், அப்புறம் சில நூறு கிலோமீட்டரில் கையகலம் பிரிந்துவிடும். ஹாட் முறையில் ரப்பர் தோளைத் தாண்டிக் கீழே வரை வழிந்து மூடுவதால் இந்தத் தொல்லை குறைவு. பாறைப் பாதைக்கு, வேலை ஒழுங்காகத் தெரிந்த கையில் செய்த ஹாட் டயரே பொருத்தம். தார்ச்சாலையும் செம்மண்ணும் கலந்து ஓடுபவருக்குக் கோல்டு போதும்.

மூன்றாவதாக, வெளிநாட்டில் ஜீப்புக்காகவே செய்யும் முறை ஒன்று உண்டு. ஸ்பெயினின் இன்சா டர்போ போன்ற நிறுவனங்கள் நெஞ்சோடு நிறுத்தாமல், ரிம்மைப் பிடிக்கும் விளிம்பு வரை விலாவுக்கும் மெல்லிய புது ரப்பர் பூசி அச்சில் வேகவைக்கின்றன. தோளில் ஒட்டுக்கோடே இருக்காது. பார்க்கவும் புது டயர் மாதிரியே இருக்கும். சங்கடமும் அதில்தான்: விலாவில் இருந்த பழைய கீறல், தயாரித்த தேதி, கம்பெனிப் பெயர் எல்லாம் அந்தப் பூச்சுக்கடியில் போய்விடும். ஐரோப்பாவில் இதற்குக் கடிவாளம் இருக்கிறது. கார் வகை டயர்களை ரீட்ரெட் செய்வதற்கான ஐ.நா. விதி 108-ன்படி கேசிங்குக்கு ஏழு வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஒருமுறை ரீட்ரெட் ஆனதை மறுபடி எடுக்கவும் கூடாது. இந்த விதியின் முத்திரை இல்லாமல் வந்த இறக்குமதிச் சரக்கைத் தொடாமல் விடுவது நல்லது.

எங்கே கெடுகிறது

ரீட்ரெட்டில் தவறு நடக்கும் இடங்கள் பெரும்பாலும் முதல் அரைமணி வேலையிலேயே இருக்கின்றன. பஃபிங்கில் தேய்ந்த ரப்பரைச் சுரண்டும்போது, ரேடியல் டயரின் உள்ளே இருக்கும் கம்பிப் பட்டைக்கு மேலே ஒன்றரை முதல் இரண்டரை மில்லிமீட்டர் பழைய ரப்பரை விட்டுவைக்க வேண்டும். அதிகம் சுரண்டினால் கம்பி வெளியே தெரியும். தெரிந்த கம்பி துருப்பிடிக்கும், துருவின் மேல் ரப்பர் நிற்காது. குறைவாகச் சுரண்டினால் வெயிலில் காய்ந்து இறுகிய மேல்தோலின் மீதே புது ரப்பர் உட்காரும். அதுவும் பிரியும்.

சுரண்டிய பரப்பு சொரசொரப்பாக, தூசியோ எண்ணெயோ ஈரமோ இல்லாமல் இருக்க வேண்டும். அதே வேளைக்குள் சொல்யூஷன் அடிக்க வேண்டும். மாலையில் சுரண்டி வைத்துவிட்டு மறுநாள் ஒட்டினால் இடையில் காற்று பட்டுப் பரப்பு கெட்டுவிடும். மழைக்காலத்தில் இது இன்னும் மோசம். சொல்யூஷன் காயாமல் பட்டையை ஏற்றினால் உள்ளே சிக்கிய ஆவி சேம்பரில் கொப்புளமாகும். என்வலப் உறையில் ஊசித்துளை இருந்தால் அந்த இடத்தில் அழுத்தம் கிடைக்காது, ஒட்டு அரைகுறையாகும். இவை எதுவும் வெளியே தெரியாது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில், மே மாத வெயிலில்தான் தெரியும்.

ஜீப் டயருக்கே உரிய இன்னொரு சிக்கல் அகலம். நம் நாட்டில் கிடைக்கும் பட்டைகள் பெரும்பாலும் லாரி, பஸ், மினி லாரிக்காகச் செய்தவை. பொலீரோவின் 215/75 ஆர்15 அளவுக்குப் பொருந்தும் பட்டையைத் தேடிப் பிடிக்கலாம். மகிந்திரா தார் ஜீப்பின் 255/65 ஆர்18 போன்ற அகல டயருக்கு, அதுவும் சேற்றுக்கான பட்டனில், சரியான அகலப் பட்டை எளிதில் கிடைக்காது. கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுவார்கள். பட்டை குறுகலாக இருந்தால் தோள் மொட்டையாகி, ஓரத்தில் பிடிப்பே இருக்காது. அகலமாக இருந்தால் விளிம்பு வெளியே நீண்டு நின்று கல்லுக்கு இரையாகும். பஃப் செய்த கேசிங்கின் மேல்பரப்பு அகலத்தையும் பட்டையின் அடி அகலத்தையும் உங்கள் கண்முன் டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். நான்கைந்து மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த வேலை வேண்டாம்.

இந்தத் தொல்லை மிகக் குறைவாக இருப்பது பழைய மகிந்திரா ஜீப்பின் 6.00-16 நைலான் டயருக்கு. அகலம் குறைவு, அச்சுகள் பழைய பட்டறைகளில் இன்னும் கிடக்கின்றன, பெல்ட்டாகக் கம்பிப் பட்டை கிடையாது என்பதால் துருவும் கிடையாது. ஆனால் நைலான் கேசிங் ஓடும்போது ரேடியலைவிட அதிகம் சூடேறும். மலையில் மெதுவாக ஓடும் வண்டிக்கு அது ஒரு பொருட்டல்ல.

கேசிங்கைப் படிப்பது

கடையில் தயாராக இருப்பதை வாங்குவதைவிட, உங்கள் வண்டியிலேயே தேய்ந்த கேசிங்கைக் கொடுத்து அதையே திரும்ப வாங்குவது எவ்வளவோ மேல். ஆனால் 'இதை விட்டுட்டுப் போங்க, ரெடியா இருக்கிறதை எடுத்துக்குங்க' என்ற பேச்சு வரும். அதற்கு இணங்காதீர்கள். கொடுக்கும்போதே டயரில் உள்ள வரிசை எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்.

பழைய கேசிங்கை ரிம்மிலிருந்து கழற்றாமல் யாரும் எதையும் சொல்ல முடியாது. உட்புறம்தான் சாட்சி. காற்றில்லாமல் ஓடிய டயரின் உள்விலாவைச் சுற்றி ஒரு வளையம்போல் சுருக்கமோ நீலம் பாய்ந்த நிறமோ இருக்கும், கையால் தடவினால் கரித்தூள்போல் ரப்பர்ப் பொடி ஒட்டும். அப்படி இருந்தால் விலாவின் நூல்கள் சோர்ந்துவிட்டன என்று பொருள். மேலே எத்தனை அழகான பட்டன் போட்டாலும் அது ஒருநாள் விலாவோடு வெடிக்கும். அடுத்தது பஞ்சர். நெஞ்சுப் பகுதியில் ஆறு மில்லிமீட்டர் வரையிலான ஆணித் துளையை உள்ளிருந்து காளான் வடிவ ஒட்டுப் போட்டு அடைத்திருந்தால் பரவாயில்லை. வெளியிலிருந்து திணித்த கயிறு மட்டும் இருந்தால், அதை எடுத்துவிட்டு ஒழுங்காக அடைத்தபின்தான் ரீட்ரெட்டுக்குப் போக வேண்டும். விலாவில் நூல் தெரியும் வெட்டு இருந்தால், எவ்வளவு சின்னதானாலும், காட்டுப்பாதைக்கு அந்தக் கேசிங் ஆகாது. ரிம்மில் உட்காரும் விளிம்பில் டயர் கழற்றும் லீவர் பட்டுக் கம்பி தெரிந்தாலும் அப்படியே.

வயதை விலாவில் டி.ஓ.டி. எழுத்துகளை அடுத்து வரும் கடைசி நான்கு இலக்கம் சொல்லும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பல டயர்களில் இது ஒரு பக்கத்தில்தான் முழுதாக இருக்கும், திருப்பிப் பாருங்கள். நம் வெயிலில் ஐந்து வயதைத் தாண்டிய கேசிங்குக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கணக்கு. நல்ல பட்டறைகளில் வெற்றிட அறையில் லேசர் விட்டு உள்பிரிவைக் கண்டுபிடிக்கும் ஷியரோகிராபி இயந்திரம் இருக்கும். இல்லாத இடத்தில் சுற்றிலும் சிறு சுத்தியலால் தட்டிக் கேட்பார்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக விழுந்தால் உள்ளே பிரிந்திருக்கிறது.

ரீட்ரெட் ஆனபின் கையில் வாங்கும்போது, பட்டையின் இரு முனைகளும் சேரும் இடத்தையும் தோள் விளிம்பையும் நகத்தால் நெம்பிப் பாருங்கள். இம்மியும் அசையக் கூடாது. பட்டனில் நகத்தை அழுத்தி எடுத்தால் தடம் உடனே மறைய வேண்டும். பிசுபிசுப்போ குழிவோ நின்றால் வேகவில்லை.

ரீட்ரெட்டே அல்லாத ஒன்றும் அதே பெயரில் விற்கப்படுவதுண்டு. தேய்ந்த டயரில் சூடான கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி, கருப்புப் பூச்சு அடித்து வைத்திருப்பார்கள். பள்ளத்தின் அடியில் இருக்க வேண்டிய ரப்பரைத்தான் வெட்டியெடுத்திருக்கிறார்கள். சில லாரி டயர்களில் மட்டும் அப்படி வெட்டுவதற்கெனக் கூடுதல் ரப்பர் இருக்கும், விலாவில் அதற்கான எழுத்தும் இருக்கும். ஜீப் டயரில் கிடையாது. பள்ளத்தின் ஓரம் கத்தி போன வரிகளோடு இருந்தால், தோளில் ஒட்டுக்கோடு எதுவும் இல்லாவிட்டால், சந்தேகப்படுங்கள்.

நான்கும் ஒரே உயரம்

ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்காரர் லாரிக்காரரைவிடக் கவனிக்க வேண்டியது இது. தார், குர்கா, ஜிம்னி போன்றவற்றில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்படும், வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. இப்போது முன்னால் பழைய டயர், பின்னால் ரீட்ரெட் என்று மாட்டுகிறீர்கள், பட்டன் ஆழத்தில் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் என்று வைப்போம். சுற்றளவில் அது சுமார் 19 மில்லிமீட்டர். 215/75 ஆர்15 டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 சுற்று சுற்றும். ஆக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட எட்டரை மீட்டர் அதிகம் உருள வேண்டும். சேற்றில் டயர் வழுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். பிடிப்புள்ள கல்லிலும் தாரிலும் அது ஷாஃப்ட்டையும் கியரையும் முறுக்கும். ஃபோர் வீல் லீவர் கழலாமல் அடம்பிடிப்பது அதன் முதல் அறிகுறி.

ஆகவே போட்டால் நான்கும், ஒரே பட்டறையில், ஒரே பட்டையில், ஒரே மாதிரி கேசிங்கில். ஸ்டெப்னியும் அதே உயரத்தில் இருந்தால் நல்லது. காற்றடித்தபின் ஒவ்வொன்றையும் டேப்பால் சுற்றளவு எடுங்கள், 12 மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். கொஞ்சம் வித்தியாசப்படுவதை ஒரே அச்சில் இடம் வலமாகப் போடாமல், ஒத்த ஜோடிகளாகப் பிரித்து மாட்டுங்கள்.

காசுக் கணக்கு

கணக்குக்காகப் புது மட் டெரெய்ன் (சேற்றுக்கான) டயர் ஒன்று 10,000 ரூபாய், சொந்தக் கேசிங்கில் ரீட்ரெட் 4,500 என்று எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருந்தால் ஓட்டலாம். ஆனால் சேற்றில் ஆறு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அது வெறும் உருளை. புதிதில் 14 மில்லிமீட்டர் இருந்தால் பயன்படுவது எட்டு, ரீட்ரெட்டில் 12 இருந்தால் பயன்படுவது ஆறு. மில்லிமீட்டருக்குப் புது டயரில் 1,250 ரூபாய், ரீட்ரெட்டில் 750.

இது நான்கும் முழு ஆயுள் ஓடினால். நான்கு ரீட்ரெட்டுக்கும் சேர்த்து 18,000 ரூபாய், மொத்தம் 24 மில்லிமீட்டர். அதில் 14 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாவது தேய்த்துவிட்டால் புது டயருக்குச் சமம், அதற்கு மேல் லாபம். அதாவது ஒரு டயர் பாதி வழியில் போனாலும் நட்டமில்லை, இரண்டு தொடக்கத்திலேயே போனால் நட்டம். 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டதால், பழைய விலை வித்தியாசத்தை மனதில் வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகும்.

ஒரு குறுக்குக் கேள்வியும் நியாயமானதே: எப்படியும் கல்லில் கிழியப் போகிற டயர் என்றால், விலை குறைந்ததைக் கிழிப்பது மேலல்லவா? கிழிவது நாளொன்றுக்கு முப்பது கிலோமீட்டர் ஓடும் தோட்ட ஜீப் என்றால், ஆமாம். தள்ளிக்கொண்டாவது வீடு வரலாம். அதே வண்டியில் குடும்பத்தோடு மதுரையிலிருந்து நான்குவழிச் சாலையில் சென்னைக்கும் போவீர்கள் என்றால், அந்தக் கணக்கு செல்லாது. பெரிய பட்டனில் ரப்பர் தடிமன் அதிகம், அசையும்போது சூடு அதிகம், அந்தச் சூடு தேங்கும் இடம் தோளின் ஒட்டுக்கோடும் கம்பிப் பட்டையின் ஓரமும்தான். வாரம் ஐந்து நாள் நெடுஞ்சாலை, ஒருநாள் காடு என்று ஓட்டுபவருக்கு நல்ல வழி, சாலைக்குப் புது டயரும், பழைய ரிம்மில் ரீட்ரெட் மட் டயரும் என இரண்டு செட். காட்டு வாசலில் மாற்றிக்கொள்ளச் சோம்பல்படுபவர் புது ஏ.டி. (ஆல் டெரெய்ன், எல்லாப் பாதைக்குமான) டயரோடு நின்றுகொள்வதே மேல்.

வாங்கிப் போட்டவர்களுக்குச் சில வேலைகள் பாக்கி. வீல் பேலன்சிங்கில் ஒரு சக்கரம் 150 கிராமுக்கு மேல் எடை கேட்டால் பட்டை கோணலாக உட்கார்ந்திருக்கிறது, திருப்பிக் கொடுங்கள். முதல் 500 கிலோமீட்டரை அறுபதுக்குள் ஓட்டி, சக்கரத்துக்கு அருகே உட்கார்ந்து தோள் விளிம்பை முழுச் சுற்றும் பாருங்கள். பிறகும் எண்பதைத் தாண்ட வேண்டாம். சேற்றுக்காகக் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால், தாரைத் தொடுமுன் அடித்துவிட்டே கிளம்புங்கள். காற்றுக் குறைவோடு பத்து கிலோமீட்டர் போவது, ஓராண்டு தேய்மானத்தைவிட அதிகக் கேடு செய்யும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டியரிங்கிலோ சீட்டிலோ புதிதாக ஒரு தட்டல், வேகத்தோடு கூடிக் குறைந்து வந்தால் பேலன்சிங் எடை விழுந்திருக்கிறது என்று நினைத்து ஓட்டாதீர்கள். நிறுத்தி, நான்கு டயரின் நெஞ்சையும் உள்ளங்கையால் சுற்றித் தடவுங்கள். ஓரிடம் மட்டும் முட்டைபோல் மேடாகவோ மற்ற இடங்களைவிடச் சூடாகவோ இருந்தால், அந்தச் சக்கரத்தை அங்கேயே கழற்றி ஸ்டெப்னியை மாட்டுங்கள்.